இரண்டரைச் சுற்றும் ஒரு சொல்லும்

என் மகள் ஆரணி ஸ்கேற்றிங்கை விட்டுவிட்டாள் என்று இந்த மாசியில் ஒரு புதன்கிழமை நான் ஒன்றே முக்கால் மணித்தியாலம் முழுதாக நம்பினேன்.

நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அழுதேன். மன்னிப்பு உரை ஒன்று தயாரித்தேன். தேங்காய்ப்பூப் போட்ட இனிப்புப் பணிஸ் மூன்று வாங்கினேன். கடைசியில், சப்பாத்தோடு மனிதர் யாரும் கால் வைக்கக் கூடாத ஓர் இடத்தில் கால் வைத்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் எனக்கு வேலை கிடைத்த கதையை எழுதி, "பயம் என்பது என்னிடம் வந்து விலாசம் கேட்டுத் திரும்பிப் போய்விடும்" என்று பெரிய எடுப்பில் முடித்திருந்தேன். என் மனைவி மதி அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாள்.

"புதன்கிழமையை எழுதுங்கோ பாப்பம்" என்றாள்.

எழுதுகிறேன்.

இரண்டு கட்சி

அன்றைக்கு ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள சரிவில் சரளை தூவிக்கொண்டிருந்தேன். அந்த அடுக்குமாடிகளைப் பராமரிக்கும் என் வேலையில் பல்பு மாற்றுவது, பூட்டுக்கு எண்ணெய் விடுவது, லிப்ட் பழுதானால் அறிவித்தல் ஒட்டுவது எல்லாம் உண்டு. ஆனால் குளிர்காலம் தொடங்கினால் முக்கால்வாசி நேரம் சரளைதான். நடைபாதையில் பனி உருகி, இரவில் உறைந்து, காலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அதன்மேல் சின்னக் கல்லை எறிந்துகொண்டே போக வேண்டும்.

அதாவது, ஐஸில் மனிதர் வழுக்காமல் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். ஐஸில் வழுக்குவதற்கென்றே என் மகளுக்குப் பயிற்சி. ஒரே வீட்டில் இரண்டு கட்சி.

என் சப்பாத்துக்கு அடியில் எப்போதும் ஒரு முள்ளுப் பட்டை மாட்டியிருக்கும். றப்பர் பட்டையில் இரும்பு முள்ளுகள். அது இல்லாமல் நான் ஐஸில் இறங்குவதில்லை. இந்த முள்ளு பின்னால் வரப்போகிறது, ஞாபகத்தில் வைத்திருங்கள்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிப் பார்த்தேன். ஆரணி அனுப்பியிருந்தாள். தமிழைத்தான் எழுதுவாள், ஆனால் இங்கத்தைய எழுத்தில். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"அப்பா நிண்டிட்டன். அம்மாட்ட சொல்லாதேங்கோ."

அவ்வளவுதான். சிரிக்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

எங்களுடைய தமிழில் "வேலையால நிண்டிட்டான்" என்றால் வேலையை விட்டுவிட்டான். "பள்ளிக்கூடத்தால நிண்டிட்டாள்" என்றால் இனிமேல் போகமாட்டாள். மழை நிண்டிட்டுது என்றால் குடையை மடிக்கலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

திருப்பி எடுத்தேன். அவளுடைய போன் அணைத்திருந்தது.

சரளைப் பெட்டியின் மூடியில் உட்கார்ந்தேன். அது ஐஸாகக் குளிர்ந்தது என்பதுகூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

காலைப் பகிடி

விசயம் என்னவென்றால், அன்று காலை நான் ஒரு பகிடி விட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போட்டி. இரண்டு குளிர்காலம் போட்டிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, முதல் முதலாகத் திரும்பி வருகிற போட்டி. பழைய நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். பதினேழு வயதில் தைத்தது, இப்போது இருபது. தோளில் இறுக்கம். மதி வாயில் ஊசியை வைத்துக்கொண்டு தையலைப் பிரித்தாள். நான் தேத்தண்ணியோடு நின்று பார்த்தேன்.

பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

"பிள்ளை, இந்தமுறை ஐஸ் துடைக்கிற மெசின்காரனுக்கு லீவு குடுக்கலாம். நீ விழுந்து விழுந்து எல்லாத்தையும் துடைச்சுப் போடுவாய்" என்றேன்.

மதி வாயில் ஊசி இருந்ததால் கண்ணால் குத்தினாள். ஆரணி சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து, பையைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குப் பயமில்லை. சத்தமே இல்லாமல் சாத்தினாள்.

இப்போது சரளைப் பெட்டியில் இருந்துகொண்டு அந்தக் கதவைத்தான் நினைத்தேன். இருபது வருசம் நான் விட்ட பகிடிகளில் ஒன்று கடைசியாகப் போய் ஓரிடத்தில் பட்டுவிட்டது.

வண்ணப் பென்சில்களோடு

அவள் ஐஸில் ஏறியதற்கும் நான்தான் காரணம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு கடதாசி கொடுத்துவிட்டார்கள். பின்னேர வகுப்புகளின் பட்டியல். நோர்வே மொழியில் ஒரு கெட்ட பழக்கம், இரண்டு மூன்று சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவார்கள். என்னுடைய கெட்ட பழக்கம், அதில் பாதியை மட்டும் வாசிப்பது. "குன்ஸ்த்" என்று கண்டேன். கலை! எங்கள் பிள்ளை சுவரெல்லாம் கீறிக்கொண்டு திரிந்த காலம். சித்திர வகுப்பு என்று முடிவுகட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

"குன்ஸ்த்லோப்" என்று மீதி இருந்தது. கலையும் ஓட்டமும் சேர்ந்தால் ஐஸில் ஆடுகிற ஸ்கேற்றிங்.

முதல் நாள் இருபத்துநாலு நிற வண்ணப் பென்சில் பெட்டியோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனால் குளிர். சின்னப் பிள்ளைகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பென்குயின்கள் மாதிரித் தத்தித் திரிந்தார்கள். "இதென்ன, சித்திரத்துக்கு ஹெல்மெற்?" என்று நான் யோசித்து முடிப்பதற்குள், இங்கெர் என்ற பயிற்சியாளர் வந்து பென்சில் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லது, ஐஸில் கீறுவோம்" என்றார்.

அந்தப் பெட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஆரணியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பதின்மூன்று வருசமாகிறது. அந்தக் கையை அவர் இன்னும் விடவில்லை.

எங்கள் ஆட்கள் மண்டபங்களில் என்னைக் கண்டால், "மகளுக்கு அரங்கேற்றம் எப்ப?" என்று கேட்பார்கள். "அரங்கமே வழுக்குது, எப்பிடி ஏறுறது?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து, அவள் விழுந்த இடங்களுக்கு மதி ஒத்தடம் கொடுக்கும்போது மற்ற அறையில் போய் இருப்பேன்.

நான் நித்திரை கொண்ட காலம்

இரண்டு குளிர்காலத்துக்கு முன், பயிற்சியில் ஒரு தாவலில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள்.

அந்தத் தாவலுக்கு டபிள் அக்செல் என்று பெயர். முன்னால் பார்த்துத் தாவ வேண்டும். காற்றில் இரண்டரைச் சுற்று. பிறகு பின்பக்கமாக, ஒற்றைக்காலில், அரை விரல் அகலமும் இல்லாத ஒரு தகட்டில் வந்து இறங்க வேண்டும். முள்ளுப் பட்டை கிடையாது.

எலும்பு பொருந்தியது. "இனி ஆடலாம்" என்று டொக்டரும் சொன்னார். ஆனால் ஆரணி போகவில்லை. "பிறகு" என்றாள். ஸ்கேற்றிங் சப்பாத்து நிலவறைக் களஞ்சியத்துக்குப் போயிற்று. பிறகு, பிறகு என்று ஒரு குளிர்காலம் முடிந்து அடுத்ததும் வந்து போயிற்று.

கேட்பவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில் சொன்னேன். "அவள் நிண்டிட்டாள்." அதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே விசயம், அந்தக் காலத்தில் நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

பிறகு போன ஐப்பசியில் ஒரு காலை, பல்கலைக்கழகம் போவதற்காக அவளும் வேலை தொடங்குவதற்காக நானும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தோம். அந்த வருசத்தின் முதல் ஐஸ். நான் முன்னால் சரளையை எறிந்துகொண்டு போகிறேன். திடீரென்று பக்கத்தில் ஒரு சத்தம், சர்ரென்று.

திரும்பிப் பார்த்தால், நான் தூவாமல் விட்ட ஒரு துண்டில், குளிர்காலச் சப்பாத்தோடு, தோளில் புத்தகப் பையோடு ஆரணி வழுக்கிக்கொண்டு போகிறாள். ஒரு கால் பின்னால் உயர்ந்திருந்தது. கை இரண்டும் விரிந்திருந்தன. முகத்தில், இரண்டு வருசமாக நான் காணாத ஒன்று இருந்தது.

நான் என்ன செய்தேன்? வாளியில் இருந்து ஒரு கை சரளையை அள்ளி, அவளுக்கு முன்னால் எறிந்தேன்.

கறகறவென்று நின்றாள். விழவில்லை. கல்லைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் அப்பா கல்லுப் போட்டனீங்கள்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் பகிடி இருக்கவில்லை. "வேலை, பிள்ளை" என்றேன்.

அடுத்த நாள் களஞ்சியத்தில் சப்பாத்து இல்லை.

ஆடை மாற்றும் அறையில் ஒவ்வொருவருக்கும் பெயர் ஒட்டிய ஒரு கொளுக்கி உண்டு. ஆரணி திரும்பிப் போன அன்று அவளுடைய பெயர் அப்படியே இருந்ததாம். இரண்டு குளிர்காலமாக எத்தனையோ புதுப் பிள்ளைகள் வந்தும் அந்தக் கொளுக்கியை இங்கெர் யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கையுறைகூட அதிலேயே தொங்கியதாம். வீட்டில் நான் "நிண்டிட்டாள்" என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும், ஒரு கொளுக்கி "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

தவத்தின் ஆலோசனை

இனிப் புதன்கிழமைக்கு வருகிறேன். சரளைப் பெட்டி. குளிர். போன்.

மதிக்குச் சொல்லக் கூடாது. ஆகவே தவத்துக்கு அடித்தேன். தவம் மட்டக்களப்புக்காரன், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான், என் முப்பது வருசக் கூட்டாளி. அந்த நேரம் அவனுக்கு இடைவேளை.

"தவம், பிள்ளை நிண்டிட்டாள்."

"எங்க நிக்கிறாள்? பஸ் வரல்லையா?"

"பஸ் இல்லையடா! ஸ்கேற்றிங்கால நிண்டிட்டாள்."



"நீ என்ன சொன்ன நீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல."

"மனே, நீ ஒண்டும் சொல்லாம இருந்தத நான் இந்த முப்பது வருசத்தில காணல்ல. என்ன பகிடி விட்ட?"

சொன்னேன். மெசின்காரன், லீவு, துடைப்பது எல்லாம். அவன் சிரிக்கவில்லை. என் பகிடிக்குத் தவம் சிரிக்காவிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"போ" என்றான். "இப்பவே போய் மன்னிப்புக் கேளு. வாயால கேளு. பகிடியால கேக்காத."

மேலாளருக்குச் சொல்லிவிட்டு அவளுடைய பயிற்சி மண்டபத்துக்குப் புறப்பட்டேன். வேலைக்குப் போடுகிற செம்மஞ்சள் மேலங்கி, கையில் கடையொன்றில் வாங்கிய பணிஸ் பை. ரொம்சோஸ் நிலையத்தில் நிலக்கீழ் ரயில் ஏறி உட்கார்ந்ததும், தவம் சொன்னபடி வாயால் கேட்பதற்கு ஓர் உரை எழுதத் தொடங்கினேன். பையில் இருந்த ஒரே கடதாசி, "லிப்ட் வேலை செய்யாது" என்று நோர்வே மொழியில் அச்சடித்த அறிவித்தல். அதன் பின்பக்கத்தில் எழுதினேன். "அன்பு மகளுக்கு, அப்பாவுக்கு வாய் இருக்கிற இடத்தில் ஒரு கதவு வைத்திருக்கலாம்..." இரண்டு நிலையங்களுக்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது. எதிரே இருந்த அம்மா ஒருவர் மூக்குத் துடைக்கும் கடதாசி ஒன்றை நீட்டினார். இந்த நாட்டில் ரயிலில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. நான் அழுத அழுகை அப்படி.

அவருக்கும் இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நிக்காதை!

மண்டபத்துக்குள் ஓடினேன். ஐஸில் ஆரணி மட்டும் இருந்தாள். ஓரமாக இங்கெர் நின்றார். ஆரணி கையை விரித்துக்கொண்டு, பெரிய வட்டமாக, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். விடைபெறுகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. கடைசிச் சுற்று!

தடுப்புக் கதவைத் திறந்து ஐஸில் இறங்கினேன்.

முள்ளுப் பட்டையைக் கழற்றவில்லை. கறக், கறக், கறக். கண்ணாடி மாதிரி இழைத்து வைத்திருந்த ஐஸில் நான் வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு கொத்து ஓட்டை.

"ஸ்தோ ஸ்தில்லே!" என்று இங்கெர் கத்தினார். அசையாமல் நில் என்று அர்த்தம். நின்றேன். ஆனால் வாய் நிற்கவில்லை.

"பிள்ளை! நிக்காதை!"

ஆரணி சறுக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். "அப்பா? ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

"காலமை சொன்னது விசர்ப் பகிடி. அதுக்காக நிக்காதை."

"ஏன் நிக்கக் கூடாது? ரெண்டு வருசமா நான் இதைத்தானே நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

"ரெண்டு வருசமா நிக்கவோ நினைச்சனீ?"

"ஓம்! ஒவ்வொரு நாளும். நித்திரையிலயும்!"

"அப்ப ஏன் பிள்ளை திரும்பி வந்தனீ?"

"நிக்கத்தான் வந்தனான்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் கையில் உரை. விரித்துப் பிடித்தேன். அவளுக்குப் பின்னால் வந்த இங்கெர் என் கடதாசியின் மறுபக்கத்தை உரத்து வாசித்தார். "லிப்ட் வேலை செய்யாதா?"

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் எதற்கோ சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து, என் தோளில் தட்டினார்.

"ஹுன் ஸ்தூ!" என்றார். "டபிள் அக்செல்! ஹுன் ஸ்தூ!"

தமிழில் போட்டால், "அவள் நின்றாள்."

இங்கே தாவி விழாமல் இறங்கினால் "நின்றாள்" என்றுதான் சொல்வார்கள். பதின்மூன்று வருசமாக அந்த மண்டபத்தில் அந்தச் சொல் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆனால் நான்தான் பாதி வாசிக்கிறவன் ஆயிற்றே.

ஆரணி அதை அப்படியே தமிழாக்கி அனுப்பியிருக்கிறாள். ஏன் தமிழில் என்று கேட்கிறீர்களா? "அப்பாவுக்குத் தமிழிலதான் எழுத வேணும், நோர்வே மொழியில எழுதினா பதில் போடமாட்டன்" என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. போட்டவன் நான்.

நான் நினைத்ததை விளங்கப்படுத்தியதும் ஆரணி ஐஸில் குந்தி இருந்துகொண்டு சிரித்தாள். காலையில் சிரிக்காத சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். "அப்பா, நான் விட்டிட்டன் எண்டு நினைச்சு, சாமான் எல்லாம் தூக்கிக்கொண்டு..."

"பணிஸ் மட்டும்தான்" என்றேன்.

ஐஸ் துடைக்கும் மெசின்காரர் ஒரு வாளியோடு வந்தார். தாடிக்காரர். காலையில் நான் லீவு கொடுத்த அதே மனிதர். என் செம்மஞ்சள் மேலங்கியையும் சப்பாத்தையும் பார்த்தார்.

"இங்கே சரளை போடத் தேவையில்லை, நன்றி" என்று மரியாதையாகச் சொன்னார்.

பிறகு முழங்காலில் இருந்து, நான் போட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக, ஈரப் பனியை வைத்து அடைத்துத் தண்ணீர் விட்டுத் தடவினார். ஒரு சொல் ஏசவில்லை. ஒரு பணிஸ் அவருக்கு, ஒன்று இங்கெருக்கு.

அது உறைந்ததும் ஆரணி, "பாருங்கோ, காட்டுறன்" என்று போய்த் தாவினாள். விழுந்தாள். திரும்பத் தாவினாள். திரும்ப விழுந்தாள்.

"ஒவ்வொருமுறையும் நிக்கிறேல்ல அப்பா" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "இண்டைக்கு ஒருக்கா நிண்டது. ரெண்டு வருசத்துக்குப் பிறகு ஒருக்கா. அதுதான் எழுதினனான்."

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாவலை வைப்பதா, இலேசான ஒன்றை வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவள் அவள்தான் என்று இங்கெர் சொன்னார். அந்தத் தாவலைத்தான் என்று அவள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டாள். அதனால்தான் அம்மாவிடம் சொல்லக் கூடாது. தெரிந்தால் மதி ஞாயிறு வரைக்கும் கண் மூடமாட்டாள்.

திரும்பும் ரயில்

வீட்டுக்கு வரும் ரயிலில் கடைசிப் பணிஸைப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு இருந்தோம். அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"நீங்கள் முந்தியும் அந்தச் சொல்லைச் சொன்னனீங்கள், தெரியுமோ?"

"எந்தச் சொல்?"

"நிண்டிட்டாள். கால் முறிஞ்ச வருசம். ஒரு கலியாண மண்டபத்தில ஆரோ கேக்க, 'நல்லகாலம், நிண்டிட்டாள்' எண்டு சொன்னனீங்கள். நான் பின்னால சாப்பாட்டுத் தட்டோட நிண்டனான். நீங்கள் சிரிச்சுக்கொண்டு சொன்னனீங்கள்."

பாதிப் பணிஸைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"நான் டொக்டர் சொன்ன உடனை போக யோசிச்சனான்" என்றாள். "பிறகு நினைச்சன், இவைக்கு நான் போகாததுதான் சந்தோசம் எண்டு."

அந்த இடத்தில் ஒரு பகிடி வைக்க இடம் இருந்தது. பழக்க தோசத்தில் ஒன்று நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சந்தோசம் இல்லை பிள்ளை. பயம். நீ தாவேக்க எனக்கு மூச்சு நிண்டிடும். அந்த ரெண்டு வருசமும்தான் நான் நித்திரை கொண்டனான்."

"அப்ப பயம் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"பயமெண்டு சொன்னா ஆர் சிரிப்பினம்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன்னுடைய பாதிப் பணிஸில் தேங்காய்ப்பூ கூட இருந்த பக்கத்தைப் பிய்த்து என் கையில் வைத்தாள். 

எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். யாரும் எனக்கு அப்படி ஒரு சம்பளம் தந்ததில்லை.

வாயைக் கட்டிய நாட்கள்

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாட்கள் மதிக்கு முன்னால் வாயைத் திறக்காமல் இருந்தேன். புட்டு எப்படி என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். வெள்ளி பின்னேரம் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சனிக்கிழமை, "இஞ்சேருங்கோ, நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதோ?" என்று கேட்டாள். செய்ததுதான். ஆனால் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை

போட்டி மண்டபத்தில் எங்களுக்கு முன்வரிசை கிடைத்தது. தவம் தன் ஓய்வு நாளைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் முள்ளுப் பட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வாசலில் ஆரணி என் சப்பாத்தின் அடியைச் சோதித்தாள்.

ஆரணி ஐஸில் இறங்க முன் தடுப்புச் சுவருக்கு வந்தாள். நீலச் சட்டை இப்போது தோளில் அளவாக இருந்தது. மதி இரண்டு இரவு இருந்து புதுத்துணி வைத்துத் தைத்திருந்தாள். ஆரணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"அப்பா, நான் நிக்கப் போறன்."

மதி என் கையைப் பிடித்தாள். "என்ன சொல்லுறாள்? நிக்கப் போறாளோ? இவ்வளவு தைச்சுப்போட்டு இப்பவோ?"

மதியின் முகத்தில் என்னுடைய புதன்கிழமையைப் பார்த்தேன். உலகத்தில் முதல் தடவையாக, எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்கு முழு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்.

"நில்லு பிள்ளை" என்றேன். "நல்லா நில்லு."

பாட்டுத் தொடங்கியது. கொஞ்ச நேரம் சுற்றினாள். பிறகு மண்டபத்தின் நீளத்துக்கும் பின்பக்கமாக வந்து, முன்னால் திரும்பினாள். அது எந்தத் தாவலுக்கான திரும்புதல் என்று மதிக்கும் தெரியும். கணுக்காலுக்கு ஒத்தடம் கொடுத்தவள் அல்லவா. அவள் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன். சரளை எறிந்த கைதான் இது என்று நினைவு வந்தது. மூடவில்லை.

நடந்தது இதுதான்.

இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கினாள். உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது, கை ஐஸைத் தொடவில்லை, நின்றாள். அதற்குப் பிறகு, ஏழு வயதுப் பிள்ளைகளும் செய்கிற ஒரு சின்னச் சுற்றில் சறுக்கிப் பொத்தென்று விழுந்தாள். சிரித்துக்கொண்டு எழும்பி மிச்சத்தை ஆடினாள். ஒன்பது பேரில் ஏழாவதாக வந்தாள்.

செவ்வாய்க்கிழமை வழமை போலப் பயிற்சிக்குப் போனாள்.